நான்காவது கேசட்டின் பி பக்கம்

"கேசட் 4. வந்த நாள்: 9 ஆகஸ்ட் 1987, ஞாயிறு. கொண்டு வந்தவர்: அத்தை. பி பக்கம். எண் 041: மழை மாதிரி சத்தம், ஆனால் மழை இல்லை. 058: அவர் பாட ஆரம்பிக்கிறார். 112: எல்லாரும் பாடுகிறார்கள். 131: சித்தப்பா அழுகிறார். 140: அம்மா நிறுத்தச் சொன்னார்."

பதினோரு வயதில், பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வைத்த குறிப்பு இது. எண்கள் என்னவென்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்கள் யாராவது படித்தால், அவர்களுக்காக: அந்தக் காலத்து டேப் ரெக்கார்டரில் சிறிய கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கும். அதற்குள் மூன்று இலக்கங்கள், கேசட் ஓட ஓட ஒவ்வொன்றாக உருளும். எந்தச் சத்தம் எந்த எண்ணில் வருகிறது என்று குறித்துக்கொண்டால் மறுபடியும் தேடிப் பிடிக்கலாம். எதையும் எண்ணிலும் தேதியிலும் கட்டி வைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே வந்துவிட்டது. இன்றுவரை போகவில்லை.

எங்கள் வீடு கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, கப்பலில் இன்ஜின் அறையில் எண்ணெய் போடுபவர். 1984 தொடக்கத்தில் போர்ட் கிள்ளானில் ஏறினார். ஒப்பந்தம் ஒன்பது மாதம். அது முடிந்ததும் வீட்டுக்கு வராமல் அங்கேயே அடுத்த கப்பலில் ஏறிவிடுவார். அந்தக் கப்பல்கள் தென் அமெரிக்கக் கரையோரமாகவே ஊர்ந்துகொண்டிருந்தன. ஆக, மூன்றே முக்கால் வருடம் நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கடிதம் எழுத அவருக்குச் சோம்பல். கேசட்டில் பேசி அனுப்புவார். போர்ட் கிள்ளானுக்கு வரும் கப்பலில் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவரிடம் கொடுப்பார், அவர் கிள்ளானில் இருந்த அத்தை வீட்டில் சேர்ப்பார். அத்தை அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். எல்லாரும் உட்கார்ந்து கேட்போம். ஏ பக்கத்தில் நலம் விசாரிப்பு. பி பக்கத்தில் அந்த நாலு பேர்.

அந்த நாலு பேர் ஒரு ராக் இசைக்குழு. ஸ்பானிய மொழியில் பாடுகிறவர்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு, அந்தக் கண்டத்தில் இன்றைக்கும் பிரபலமான பெயர். ஆனால் சித்தப்பா ஒரு கேசட்டிலும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, அட்டையிலும் எழுதியதில்லை. "அந்த நாலு பேரு" என்றுதான் சொல்வார். நானும் அப்படியே எழுதுகிறேன். பின்னால் வரப்போகும் ஒரு விஷயத்துக்கு இது முக்கியம்.

முதல் கேசட் வந்தபோது அவர்களை யாருக்குமே தெரியாது. புவனோஸ் ஐரிஸ் துறைமுகத்தில் சித்தப்பாவின் கப்பல் பழுதுக்காக நின்றபோது, கிரேன் ஓட்டுகிற ஒருவர் அவரை ஒரு விளையாட்டு மன்றத்தின் மண்டபத்துக்குக் கூட்டிப் போனாராம். ஒலிபெருக்கி கீச்சிடுவது கேட்கும். யாரோ நாற்காலியை இழுப்பது கேட்கும். பாட்டு முடிந்தால் கைதட்டலை எண்ணிவிடலாம், அவ்வளவு குறைவு. "அண்ணி, இவனுங்க சின்னப் பசங்க. ஆனா அந்த டிரம் அடிக்கிறவன் இருக்கானே, எங்க இன்ஜின் மாதிரி அடிக்கிறான். ஒரு அடி தப்பல" என்று சித்தப்பா கிசுகிசுப்பார்.

இரண்டாவது கேசட் அடுத்த வருடம். அதற்குள் அவர்கள் ஒரு இசைத்தட்டு போட்டிருந்தார்கள். இது ஒரு நாடகக் கொட்டகையில் எடுத்தது. கேட்கிறவர்களுக்கு வரிகள் தெரிந்திருந்தன. பாடகர் பாதியில் நிறுத்தினால் மீதியை அவர்கள் முடித்தார்கள்.

மூன்றாவதில் நாடே வேறு. சித்தப்பாவின் கப்பல் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், சிலிக்குப் போயிருந்தது. "அண்ணி, இங்கேயும் இவங்களைத் தெரியுது அண்ணி! வேற நாடு, வேற கொடி, அதே பாட்டு!" திறந்தவெளி நிகழ்ச்சி. நடுவில் மின்சாரம் போய்விட்டது. கிடாரும் பாடகரின் குரலும் பட்டென்று அறுந்தன. டிரம் மட்டும் நிற்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் அந்தப் பாட்டைத் தானே பாடி நடத்தியது. என் குறிப்பின்படி எண் 077 முதல் 096 வரை. மின்சாரம் திரும்பி வந்தபோது கிடார் சரியாக அவர்கள் நின்ற இடத்தில் வந்து சேர்ந்துகொண்டது. நான் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, காதை ஸ்பீக்கரின் துணியில் ஒட்டிவைத்துக் கேட்டேன். துணியில் பழைய தூசி வாசனை. என் கை மயிர் குத்திட்டு நின்றதைப் பார்த்து நானே பயந்துபோனேன். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. புரியாததை இத்தனை பேர் சேர்ந்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்களே என்பதுதான் வியப்பாக இருந்தது.

அப்பாவின் கருத்து வேறு. "தகரத்தை உருட்டுறானுங்க. இதைக் கேக்கவா அவன் சம்பாரிக்கிறான்?"

நான்காவது கேசட் கால்பந்து மைதானத்தில் எடுத்தது. ஜூலையில் நடந்த நிகழ்ச்சி. 'குளிர்ல விரல் மரத்துப்போச்சு' என்று சித்தப்பா சொன்னதை நம்பாமல் அட்லஸை எடுத்துப் பார்த்தேன். அங்கே அது குளிர்காலம்தான். பி பக்கம் தொடங்கிக் கொஞ்சம் ஓடியதும் மழை கொட்டுவது போல ஒரு இரைச்சல் கேட்கும். அது மனிதர்கள் என்று புரியவே நேரமாகும். பாடகர் ஏதோ கத்துவார், மைதானம் திருப்பிக் கத்தும். பிறகு பாட்டு. பிறகு 112. பிறகு சித்தப்பாவின் குரல், மிக அருகில், உடைந்துபோய்: "அண்ணி... என்னால நிக்க முடியல அண்ணி. உடம்பெல்லாம் நடுங்குது. இத்தன பேரு... ஒரே குரல்ல..." பிறகு அழுகை.

கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கப் பயப்படாத சித்தப்பா அழுதார். அம்மா "நிறுத்துடி" என்றார். எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தார், அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தக் கேசட்டின் ஏ பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. அத்தை சித்தப்பாவுக்குப் பெண் பார்த்திருந்தார். கிள்ளான் மேரு சாலையில் வீடு. பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோவில் நிர்வாகத்தில் செயலாளர். பெண் கோலாலம்பூரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளிநாட்டு அழைப்புகளை இணைக்கும் ஆபரேட்டர். மாப்பிள்ளை கப்பலில் இருப்பதால் நேரில் வர முடியாது, போட்டோ மட்டும் போதாது, குரலாவது கேட்கட்டும் என்பது அத்தையின் யோசனை. அவர் சொல்லி அனுப்பியபடியே சித்தப்பா ஏ பக்கத்தின் கடைசியில் பேசியிருந்தார்: "மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் என் பணிவான வணக்கம்." பள்ளிப் பேச்சுப்போட்டியில் மூன்றாம் பரிசு வாங்குகிறவர் மாதிரி இருக்கும்.

செப்டம்பர் 13, ஞாயிறு. ஆவணி முடிய மூன்று நாள்தான் இருந்தது. "புரட்டாசி பொறந்துட்டா ஒரு மாசம் காத்திருக்கணும், இன்னிக்கே தட்டு மாத்திடணும்" என்று அத்தை எங்களை விரட்டினார். கோலாலம்பூரில் 'கிள்ளான் பஸ் ஸ்டாண்ட்' என்ற நிலையத்தில் பஸ் ஏறி அப்பா, அம்மா, நான் போனோம். டேப் ரெக்கார்டர் துண்டில் சுற்றி என் மடியில். வீட்டில் அதை ஒழுங்காக இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா தொட்டால் பொத்தான் மாட்டிக்கொள்ளும்.

பெண்வீட்டில் கேசரி, கறிபாப், கொஞ்சம் கூடுதலாகவே இனிப்பு போட்ட தேநீர். தண்ணீர் குடிக்க நான் சமையலறைக்குப் போனேன். பெண் அங்கேதான் இருந்தார். பச்சைப் பட்டுப் புடவையில் தரையில் உட்கார்ந்து வெற்றிலையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீதான் டேப் போடப்போறியா?"

"ஆமா அக்கா."

"உங்க சித்தப்பா நெசமா எப்படி? போட்டோல போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி நிக்கிறாரு."

"அவரு அப்படி இல்ல. ரொம்பச் சிரிப்பாரு. அழுவாரு கூட."

"அழுவாரா? எதுக்கு?"

"பாட்டுக் கேட்டா."

அவர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது கேசட்ல இருக்கா?"

"பி பக்கத்துல இருக்கு. அத்தை ஏ பக்கம் போடச் சொன்னாங்க, வணக்கம் சொல்றது."

"நாள் முழுக்க எக்ஸ்சேஞ்சுல வணக்கம்தான் கேக்குறேன் பாப்பா. அதை வெச்சு ஒரு ஆளைத் தெரிஞ்சுக்க முடியாது. நீ பி பக்கம் போடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு சொல்லிடாத லா."

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அத்தை தலையசைத்தார். நான் 041-இல் நிறுத்தி வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தினேன்.

"மழையா?" என்றார் பெண்ணின் அப்பா, சன்னலைப் பார்த்து.

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவுத் திரைக்குப் பின்னால் ஒரு பச்சைப் புடவையின் ஓரம் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாடகர் கத்தினார். மைதானம் பதில் சொன்னது. மறுபடி கத்தினார். மறுபடி பதில். பெண்ணின் அப்பா நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டார். பாட்டு ஏறியது. 112-இல் அத்தனை பேரும் சேர்ந்தார்கள். அந்தச் சிறிய கூடத்தில், சாமி படங்களுக்குக் கீழே, அது எங்கள் வீட்டில் ஒலித்ததைவிடப் பெரிதாக ஒலித்தது. பிறகு சித்தப்பா நடுங்கினார், அழுதார்.

பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். "நிறுத்தும்மா."

நிறுத்தினேன்.

"இது ஜெபக்கூட்டம்தானே?"

"ஐயோ, அண்ணே! பாட்டுக் கச்சேரிலா அது. அங்க உள்ளவங்க பாடுறது" என்றார் அத்தை.

"கச்சேரியில யாரும்மா அழுவா?"

அவர் கத்தவில்லை, ஆசிரியர் குரலிலேயே நிதானமாகச் சொன்னார்: "என் மூத்தவன் ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு மைதானத்துக் கூட்டத்துக்குப் போனான். ஒருத்தர் மைக்ல கத்துறாரு, எல்லாரும் திருப்பிச் சொல்றாங்க, பாடுறாங்க. வீட்டுக்கு வந்து இப்படித்தான் நடுங்கிக்கிட்டு அழுதான். மறு மாசம் விபூதியை அழிச்சிட்டுப் போயிட்டான். பொண்ணையும் அப்படி ஒரு வீட்டுக்கு அனுப்ப நான் தயாரா இல்ல." பிறகு மனைவியைப் பார்த்து, "தட்டை உள்ள எடுத்துட்டுப் போ."

தேங்காய், வெற்றிலை, பழம், மஞ்சள் எல்லாம் வைத்த பித்தளைத் தட்டு உள்ளே போனது.

பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பி பக்கத்த ஏன்டி போட்ட?"

"தெரியாம."

"கேசட்டுன்னா உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கா?"

அக்காதான் போடச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டு பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் பெண்ணைப் பற்றி இன்னொரு பேச்சு கிளம்பியிருக்கும். பதினோரு வயதுக்கு இதெல்லாம் யோசித்தேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒருவேளை கொடுத்த வாக்கு என்பதற்காக மட்டும் பேசாமல் இருந்திருக்கலாம். கேசட்டுகள் நான்கும் பிஸ்கட் டின்னுக்குள் போய், டின் அலமாரி உச்சிக்குப் போனது. அத்தை ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

தம்பி மதம் மாறியிருப்பான் என்று அப்பா நினைக்கவில்லை. ஆனால் உறுதியாகவும் இல்லை. மூன்றரை வருடமாகப் பார்க்காதவனைப் பற்றி என்ன உறுதி? கப்பல் ஏஜென்டின் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் திருட்டுத்தனமாகப் படித்தேன். நடந்ததையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வி: "நீ விபூதி இடுகிறாயா?" பதில் அக்டோபர் 27 வந்தது. சித்தப்பாவின் வாழ்நாளில் அவர் எழுதிய மிக நீளமான கடிதம் அது, ஒரு பக்கம். "தினமும் இடுகிறேன் அண்ணே. இன்ஜின் எண்ணெய் பட்டு மத்தியானத்துக்குள் போய்விடுகிறது. டிசம்பரில் வருகிறேன். அவர்களைக் காத்திருக்கச் சொல்லுங்கள்."

யார் போய்ச் சொல்வது? அப்பாவுக்குத் தயக்கம், அத்தைக்குக் கோபம். யாரும் போகவில்லை. அவர்கள்தான் வந்தார்கள். அவர்கள் என்றால், அவர் மட்டும்.

நவம்பர் 4, புதன், பிற்பகல் மூன்று மணி. நான் பள்ளிச் சீருடையை மாற்றிவிட்டு மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் குடையோடு நின்றார் மேரு சாலை அக்கா. காலை வேலை இரண்டு மணிக்கு முடிந்ததாம்.

"ஆன்டி, அந்தக் கேசட்டை இன்னொரு தடவ கேக்கலாமா?"

பெண் பார்க்கப் போன இடத்துப் பெண் தனியாக மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து நிற்பது எங்கள் குவார்ட்டர்ஸில் கேள்விப்படாத விஷயம். அம்மா "உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு முதலில் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு நாற்காலி போட்டு ஏறி பிஸ்கட் டின்னை இறக்கினார்.

அக்கா நான்கு கேசட்டுகளையும் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு. அப்படிக் கேட்கிறவரை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. மூன்றாவதில் மின்சாரம் போன இடத்தில் கையை உயர்த்தி என்னைப் பேசவிடாமல் தடுத்தார். நான்காவதில், "இவருக்கு வலது பக்கம் ஒரு சுவரு இருக்கு. சத்தம் போய்த் திரும்பி வருது பாரு" என்றார். "இவரு முன்னால இல்ல, ரொம்பப் பின்னால நிக்கிறாரு. பாடுறவருக்கும் இவருக்கும் நடுவுல அவ்வளவு ஜனம்." ஒரு மாதம் காதை ஒட்டிவைத்துக் கேட்ட எனக்கு இதெல்லாம் தெரியவில்லை.

அம்மா மெதுவாகக் கேட்டார். "உங்க அப்பா இன்னும் அப்படியேதான் நெனைக்கிறாரா?"

"அப்பாகிட்ட நிரூபிச்சுட்டேன் ஆன்டி. பாதி நம்பிட்டாரு."

அவர் சொன்னது இது. வெளிநாட்டு அழைப்பை இணைக்கும்போது இங்கிருக்கும் ஆபரேட்டர் லண்டன் ஆபரேட்டரைப் பிடிப்பார், அவர் அடுத்த ஊரைப் பிடிப்பார். மறுமுனையில் ஆள் வரும்வரை ஆபரேட்டர்கள் ஒருவரோடொருவர் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வது வழக்கம். வானிலை, நேரம், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் புவனோஸ் ஐரிஸுக்கு ஒரு அழைப்பு. அந்தப் பக்கம் இருந்தது ஒரு பெண். நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இவர் கேட்டுவிட்டார்: ஜூலையில் உங்கள் ஊர்க் கால்பந்து மைதானத்தில் நாலு பேர் பாடினார்களே, அது யார்? அந்தப் பெண் சிரித்தாராம். பெயரைச் சொன்னாராம். நானும் போயிருந்தேன் என்றாராம். எந்தப் பாட்டுக்கு எல்லாரும் சேர்ந்து பாடினார்கள் என்று இவர் கேட்க, அவர் லைனிலேயே அதை முதலிலிருந்து பாடினாராம். உலகத்தின் மறுகோடியிலிருந்து, லண்டன் வழியாக, ஹெட்போனுக்குள். "அதேதான் ஆன்டி. செப்டம்பர்லேருந்து என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த பாட்டு."

நான் மைலோவைக் குடிக்க மறந்துபோனேன்.

பெயரை, அழைப்பு விவரம் குறிக்கும் சீட்டு ஒன்றின் பின்புறம் எழுதித் தன் அப்பாவிடம் கொடுத்தாராம். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாடுன அந்தப் பொம்பள என்ன மதம்?" என்று கேட்டாராம்.

"அதை நான் கேக்கலப்பான்னு சொன்னேன்" என்று சொல்லி அவர் சிரிக்க, அம்மாவும் சேர்ந்து சிரித்தார். செப்டம்பருக்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மா சிரித்தது அன்றைக்குத்தான். "சரி, நேர்ல வரட்டும், என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்னு சொல்லியிருக்காரு ஆன்டி. மார்கழிக்கு முன்னால வரச் சொல்லுங்க."

சித்தப்பா டிசம்பர் 5 சனிக்கிழமை வந்தார். மெலிந்திருந்தார், கன்னத்தில் கொதி எண்ணெய் பட்ட தழும்பு. நடந்ததை அத்தை சொன்னபோது முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூத்த மகன் கதையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "பாவம்ணே அவரு" என்று அப்பாவிடம் சொன்னார்.

டிசம்பர் 13. மார்கழி பிறக்க மறுபடியும் மூன்றே நாள். அதே கூடம். இந்தத் தடவை கேசரி இல்லை, தேநீர் மட்டும்.

"தம்பி, நேராவே கேக்குறேன்" என்றார் பெண்ணின் அப்பா. "அது கச்சேரின்னு என் பொண்ணு சொல்றா. நம்புறேன். ஆனா நீங்க அழுதீங்களே, அது எதுக்கு?"

சித்தப்பா நெற்றி நிறைய விபூதி வைத்திருந்தார், அத்தை பூசிவிட்டது. கைகளை விரித்துப் பார்த்தார். நகக்கண்ணில் போகாத கறுப்பு.

"இன்ஜின் ரூம்ல பேச முடியாதுங்க ஐயா. சத்தம். சைகைதான். மேல வந்தா தமிழ் பேச ஆளில்ல, ஒரு வருஷம், ரெண்டு வருஷம். என் குரலே எனக்கு மறந்துபோன மாதிரி. அங்க போனா, பக்கத்துல நிக்கிறவன் தோள்ல கையப் போட்டுட்டுப் பாடுறான். நீ யாரு, எந்த ஊரு, எந்த சாமின்னு கேக்கல. நானும் வாயத் தொறந்தேன். என் சத்தம் அத்தன பேரோட சத்தத்துல போய்ச் சேர்ந்துச்சு. அதான் அழுதேன். வேற ஒண்ணும் இல்லங்க."

வெளியே ஒரு லோரி போனது.

"அவனும் இதையேதான் சொன்னான்" என்றார் பெண்ணின் அப்பா, யாரையும் பார்க்காமல். "தோள்ல கையப் போட்டாங்கப்பான்னு சொன்னான். நான் மிச்சத்தைக் கேக்கல. விபூதியை மட்டும்தான் பாத்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "கொண்டாந்திருக்கியாம்மா?"

கொண்டு வந்திருந்தேன். அம்மா வேண்டாம் என்றும், சித்தப்பா வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். 041-இல் நிறுத்தி வைத்திருந்தேன். இந்தத் தடவை அவர் மழையா என்று கேட்கவில்லை. அங்கிருந்து பி பக்கம் முழுவதையும், டேப் தானாக டக் என்று நிற்கும்வரை, முதுகை நிமிர்த்தி, கோவிலில் உட்காருவதுபோல உட்கார்ந்து கேட்டார். 112 வந்தபோது நாற்காலிக் கையில் அவர் விரல் ஒன்று டிரம்மோடு சேர்ந்து தட்டியதை நான் பார்த்தேன். சித்தப்பாவும் பார்த்தார்.

டேப் நின்றதும் அவர் உள்பக்கம் திரும்பி, "தட்டைக் கொண்டு வா" என்றார்.

கல்யாணம் தை மாதம், கிள்ளானில். பெண்ணின் அப்பாவே போய்த் தன் மூத்த மகனுக்குப் பத்திரிகை வைத்தார். மகன் தன் மனைவியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நெற்றியில் ஒன்றும் இல்லை. பெண்ணின் அப்பா எழுந்துபோய் அவரை முன்வரிசைக்குக் கூட்டி வந்ததை மண்டபமே பார்த்தது. மேரு சாலை அக்கா எனக்குச் சித்தி ஆனார். சித்தப்பா கப்பலை விட்டுப் போர்ட் கிள்ளானில் கரையில் வேலை பார்த்தார். அந்த நாலு பேர் மேலும் மேலும் பெரிய மைதானங்களில் பாடிவிட்டுத் தொண்ணூறுகளில் பிரிந்தார்கள். அவர்களுடைய கடைசிக் கச்சேரியின் குறுந்தட்டு கிள்ளானுக்கு வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது. சித்தியும் சித்தப்பாவும் அருகருகே உட்கார்ந்து அதைக் கேட்டதை நான் பார்த்தேன். சித்தப்பா இப்போது இல்லை.

இனி நான் உறுதி செய்ய முடியாமல் விட்ட விஷயம். அந்த அழைப்பு உண்மையாகவே நடந்ததா?

நேரக் கணக்கு ஒத்துப்போகிறது. இங்கே காலை வேலை நடக்கும்போது அங்கே பதினொரு மணிநேரம் பின்னால், முந்தைய இரவு. ஓய்வுபெற்ற ஆபரேட்டர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். லண்டன் வழியாக இணைப்பது உண்டு, ஆபரேட்டர்கள் பேசிக்கொள்வதும் உண்டு என்றார்கள். யாரும் பாடிக் கேட்டதில்லை என்றார்கள். அந்தக் காலத்து அழைப்புச் சீட்டுகள் இப்போது எங்கேயும் இல்லை. சாத்தியம்தான். சாத்தியம் என்பதாலேயே ஒன்று நடந்ததாக ஆகிவிடாது.

இன்னொரு சாத்தியமும் உண்டு. குழுவின் பெயர் கேசட் எதிலும் இல்லை, எங்களுக்கே அப்போது தெரியாது. அதைச் சரியாக எழுதத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் சித்தப்பா ஒருவர்தான். கப்பல் ஏஜென்டின் முகவரி மாப்பிள்ளை விவரத்தோடு அத்தை பெண்வீட்டுக்குக் கொடுத்த தாளில் இருந்தது. அப்பாவின் கடிதத்துக்கு அக்டோபர் 27-இல் பதில் வந்ததென்றால், செப்டம்பரில் கிள்ளானிலிருந்து வேறு யாராவது எழுதியிருந்தாலும் அதே வாரம் பதில் வந்திருக்கும். சித்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது அதற்கு எட்டு நாள் கழித்து. அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் அப்பாவிடம், வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட மாப்பிள்ளைக்கு நானே கடிதம் போட்டுக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. ஆபரேட்டர் ஒருத்தி பாடினாள் என்று சொல்லலாம்.

போன மாதம் இதையெல்லாம் தேதிவாரியாகத் தாளில் எழுதிக்கொண்டு போய்ச் சித்தியின் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். "தேதியெல்லாம் சரியாதான் போட்டிருக்க லா" என்றார். தாளை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாடியது அந்த ஆபரேட்டரா, எழுதியது சித்தப்பாவா? இன்றைய தேதிவரை உறுதி செய்யப்படவில்லை.